இஃப் கிளாஸும் ரெண்டு உழவு மாடும்

பத்தாவது படிக்கிற அக்கா பையன் போன ஞாயித்துக்கிழமை நோட்டும் கையுமா வந்து நின்னான். "இஃப் கிளாஸ் சொல்லிக் குடுங்க மாமா." ஆபீஸ் மெயில்ல 'வில்' போடறதா 'வுட்' போடறதான்னு ரெண்டு தடவை அழிச்சு எழுதற ஆள் நான். ஆனாலும் மாமாங்கற கெத்தை விட முடியுமா? உட்கார்ந்தேன்.

நோட்டுல வாய்ப்பாடு மாதிரி எழுதி வச்சிருந்தான். டைப் 1: பிரசன்ட் வந்தா வில். டைப் 2: பாஸ்ட் வந்தா வுட். டைப் 3: ஹேட் வந்தா வுட் ஹேவ். நாங்க படிச்ச காலத்துலயும் அதே வாய்ப்பாடுதான். பரீட்சைக்கு அது போதும். பேசணும்னு வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வரும் :-)

பையன் கேட்ட முதல் கேள்வியே நல்ல கேள்வி. "'இஃப் ஐ வன் எ லாட்டரி'ன்னு இருக்கே மாமா, 'வன்' பாஸ்ட் டென்ஸ் ஆச்சே. இனிமே விழப்போற லாட்டரிக்கு எதுக்கு பாஸ்ட்?"

கொஞ்சம் யோசிச்சுட்டு அவனையே திருப்பிக் கேட்டேன். தமிழ்ல 'லாட்டரி விழுந்தா'ன்னு சொல்றோமே, அதுக்குள்ள 'விழுந்த' இருக்கே, நேத்தா விழுந்துச்சு? வந்தால், போனால், விழுந்தால் எல்லாமே இறந்தகால உருவத்துல 'ஆல்' ஒட்டினதுதான். நாளைக்கு நடக்கப்போறதைச் சொன்னாலும் அப்படித்தான். ஆக, நிபந்தனை சொல்ல இறந்தகாலத்தைக் கடன் வாங்கறது இங்கிலீஷ்காரன் மட்டும் பண்ற வேலை இல்ல. பையன் முகத்துல லேசா வெளிச்சம்.

வித்தியாசம் எங்கே வருதுன்னா, நமக்கு எல்லாத்துக்கும் ஒரே அச்சு. 'சம்பளம் வந்தா வாடகை குடுப்பேன்', 'லாட்டரி விழுந்தா பங்களா வாங்குவேன்.' இதுல எது நடக்கும், எது பகல்கனவுன்னு கேக்கறவர்தான் புரிஞ்சுக்கணும். இங்கிலீஷ்ல அதை வினைச்சொல்லே காட்டிக் குடுத்துடும். நடக்கும்னு நம்பிச் சொன்னா டைப் 1. நமக்கெங்கே நடக்கப்போகுதுன்னு சொன்னா டைப் 2. கையில சீட்டை வச்சுக்கிட்டு டைப் 1-ல பேசிட்டிருந்தவங்க எல்லாரும், 2003 ஜனவரியில தமிழ்நாட்டுல லாட்டரியைத் தடை பண்ணினதும் டைப் 2-க்கு மாறிட்டாங்கன்னு சொன்னேன். பையனுக்கு லாட்டரிக் கடையே தெரியாது. சிரிக்கல.

அடுத்து 'அன்லெஸ்'. 'அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்'னு எழுதியிருந்தான். தமிழ்ல 'படிக்கலைன்னா'ன்னு நினைச்சு எழுதினது. அன்லெஸ்ஸுக்குள்ளயே 'இல்லைன்னா' இருக்கு, இன்னொரு 'டோன்ட்' போட்டா படிச்சாத்தான் ஃபெயில்னு ஆயிடும்டான்னேன். "அப்பப் படிக்க வேணாம்ல?"ங்கறான். விவரம்தான்.

டைப் 3 வந்ததும் நோட்டை மூடப் பார்த்தான். "இது சும்மா மாமா. முடிஞ்சுபோனதை, அதுவும் நடக்காததை எதுக்குப் பேசணும்? பேசினா மாறிடுமா?"

எனக்குப் பதில் சட்டுனு வரல. வேற ஒரு வகுப்பறை ஞாபகம் வந்துடுச்சு.

2003-ஆம் வருஷத் தொடக்கம். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பு. அதுக்கு முந்தின வருஷம் மழை பொய்ச்சுப் போய், எங்க ஊர்க் கண்மாய்க்குள்ள நாங்க கிரிக்கெட் விளையாடிக்கிட்டு இருந்தோம். இங்கிலீஷ் சார் டைப் 3 நடத்திட்டு, ஆளுக்கு ஒரு வாக்கியம் சொந்தமா எழுதச் சொன்னார். நான் கைடுல இருந்ததை அப்படியே இறக்கினேன், 'நல்லாப் படிச்சிருந்தா பாஸ் ஆகியிருப்பான்'ங்கற வாக்கியம். 'குட்' வாங்கினேன்.

பக்கத்துல உட்கார்ந்திருந்த நண்பன் எழுந்து படிச்சான். 'இஃப் இட் ஹேட் ரெய்ன்டு, மை ஃபாதர் வுட் நாட் ஹேவ் சோல்டு தி புல்ஸ்.'

மழை பெஞ்சிருந்தா எங்கப்பா மாட்டை வித்திருக்க மாட்டார்.

சார் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "புல்ஸ் இல்லப்பா, உழவு மாட்டுக்குப் புல்லக்ஸ்னு வரும். மத்ததெல்லாம் சரி"ன்னார். வகுப்பே சிரிச்சுது. அதிகமாச் சிரிச்சது நான்தான். மாசக்கணக்குல அவனை 'புல்ஸ்'னே கூப்பிட்டோம். பத்தாவது பரீட்சை எழுதிட்டு அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டான். நான் பிளஸ் ஒன் சேர்ந்தேன்.

இதையெல்லாம் பையன்கிட்ட சொல்லல. அந்த வாக்கியத்தை மட்டும் நோட்டுல எழுதி, "இதுல என்ன நடந்துச்சு சொல்லு"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கல. இஃப்தானே?"

"நல்லாப் பாரு. மழை பெஞ்சுதா?"

"பெய்யல."

"மாட்டை வித்தாரா?"

கொஞ்சம் நிதானிச்சு, "வித்துட்டார்"ன்னான்.

அவ்வளவுதான் டைப் 3. நடக்காத ரெண்டைச் சொல்ற மாதிரி தெரியும். திருப்பிப் போட்டா நடந்துபோன ரெண்டு உண்மை உள்ள இருக்கும். எங்க வீட்ல மழை இல்லாம மாட்டை வித்துட்டோம்னு வகுப்புல எழுந்து நின்னு சொல்ல எந்தப் பையனுக்கும் வாய் வராது. 'இஃப்' போட்டதால அவன் சொல்லிட்டான். அந்த வகுப்புல அன்னைக்கு இங்கிலீஷை நிஜமாப் பயன்படுத்தினவன் அவன் ஒருத்தன்தான். நாங்க காதுல வாங்கினது 'புல்ஸ்'ங்கற ஒரு வார்த்தையை மட்டும்.

"யாரு மாமா மாட்டை வித்தது?"ன்னு பையன் கேட்டான். தெரிஞ்சவங்கடான்னு சொல்லிட்டு, சொந்தமா ஒண்ணு எழுதச் சொன்னேன். அஞ்சு நிமிஷம் பேனாவைக் கடிச்சுட்டு எழுதினான். 'இஃப் அப்பா ஹேட் கம் ஆன் சண்டே, வீ வுட் ஹேவ் கான் டு தி பீச்.'

மச்சான் துபாய்ல இருக்கார். அன்னைக்குத்தான் வர்றதா இருந்துச்சு, லீவு கிடைக்கல.

ஒரு டிக் போட்டேன். சிரிக்கல. செருப்பை மாட்டுடா, பீச்சுக்குப் போலாம்னு கிளம்பிட்டோம்.