மாரடைப்பு என்று எழுதி முடித்த சாவுகள்

நம் வேலையில் 'மாரடைப்பு' என்ற சொல் காதில் விழுந்தாலே சந்தேகம் வரும். காவல் நிலையத்தில் செத்தவருக்கு மாரடைப்பு. மலக்குழிக்குள் இறக்கப்பட்டவருக்கு மாரடைப்பு. செங்கல் சூளையில் சுருண்டு விழுந்தவருக்கும் அதுவே. உண்மை அறியும் குழுவோடு நாலு ஊர் போய் வந்தவர்களுக்குத் தெரியும். இதற்குமேல் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகவே பல இடங்களில் அந்தச் சொல் எழுதப்படுகிறது.

அப்படிப் பழகிய என்னிடம், என் 34ஆவது வயதில், ஓர் அரசு மருத்துவமனையில் சொன்னார்கள்: உங்களுக்கு இதயத்தசை தடித்திருக்கிறது, அநேகமாக அப்பா வழியில் வந்திருக்கும். ஊருக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். "உங்கப்பா செத்தப்பவும் கரும்புக்காரரு அதத்தான சொன்னாரு, நெஞ்சடைப்புன்னு. இப்ப நீயும் அதையே சொல்றியா?" என்று கேட்டார். அத்தைக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் மூன்று சாவுகள். அப்பா 38 வயதில், சித்திரை வெயிலில், வெட்டிய கரும்புக்கட்டைத் தலையில் வைத்து டிராக்டரில் ஏற்றும்போது விழுந்தார். குடித்திருந்தார் என்று நிலத்துக்காரர் தரப்பில் சொன்னார்கள். பெரியப்பா நன்றாக நீந்தத் தெரிந்தவர், கிணற்றில் மிதந்தார். முனி அடித்துவிட்டது என்றது ஊர். அவருடைய மூத்த மகன், எனக்கு அண்ணன், 22 வயதில் கபடி ஆடிவிட்டு ஓரமாக வந்து உட்கார்ந்தான், அப்படியே சாய்ந்தான். படாத இடத்தில் அடிபட்டுவிட்டது என்றார்கள். குடி, முனி, அடி என்று மூன்று சாவுக்கும் மூன்று காரணம் இருந்ததால் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருவருக்குக்கூடப் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை.

எனக்குப் பள்ளியிலேயே தொடங்கிவிட்டது. ஓடினால் மூச்சு வாங்கும், நின்றால் கண் இருட்டும். ஓட்டப் பந்தயத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். விளையாட்டு ஆசிரியர் நடிப்பு என்றார். "காலனிப் பிள்ளைங்களுக்கு ஓடக்கூட வலிக்குது" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவர் ரத்தசோகை என்று சத்து மாத்திரை எழுதினார். அடுத்தவர் வலிப்பு என்றார். கல்லூரியில் ஒருவர், மனசுதான் காரணம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். ஒருவர்கூட என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே பார்த்தார்கள், எழுதினார்கள், மாத்திரையை மேசைமீது வைத்துத் தள்ளினார்கள்.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006இல் வெளிவந்த, இந்தியக் கிராமங்களில் தீண்டாமை பற்றிய ஆங்கில நூலில், சுமார் மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசு சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. என் நோயைப் பொறுத்தவரை இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. தொட்டுப் பார்த்தால்தான் இந்த நோய் பிடிபடும்.

கடைசியில் அதைப் பிடித்தவர் ஒரு இளம் பெண் மருத்துவர். என்னைக் குத்தவைத்து உட்காரச் சொன்னார், பிறகு எழுந்து நிற்கச் சொன்னார், இரண்டு முறையும் நெஞ்சில் வைத்துக் கேட்டார். எழும்போது இதயத்தில் ஓர் இரைச்சல் கூடுகிறது என்றார். அப்புறம் கேட்டார்: "உங்க குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா?" அதுவரை யாரும் எங்களிடம் கேட்காத கேள்வி. மூன்று பேரையும் சொன்னேன். ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுத்தார்கள். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் எனக்கு 21 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர் தொட்டாலே நோய். குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தால் 13 போதும்.

ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்பது பெயர். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். பயப்பட வேண்டாம், பலர் முழு ஆயுள் வாழ்கிறார்கள். ஆனால் சிலருக்கு, ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிற மாரடைப்பு வேறு, இது வேறு. தாய் தந்தை இருவரில் ஒருவரிடம் இந்த மரபணுக் கோளாறு இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று அம்மாவைக் குறை சொன்னவர்களுக்கு இதைத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றத்தைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வு வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் அதில் பங்குண்டு. இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேர் அந்த மாற்றத்தைச் சுமக்கிறார்கள். சுமக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. என்னிடம் இருப்பது அதுதானா என்று சோதிக்கவும் இல்லை. நான் சொல்லவருவது, அது சாதி பார்த்துத் தங்கவில்லை என்பது. ரத்தச் சுத்தம் பேசுகிறவர்களின் ரத்தத்திலும் ஓடுகிறது. அவர்கள் வீட்டில் 38 வயதில் ஒருவர் விழுந்தால் ஏன் என்று கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அத்தையின் கேள்விக்கு வருகிறேன். அவருக்கும் எக்கோ எடுத்தோம், அதே தடிப்பு. ஆக அப்பாவுக்கும் இருந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. அப்படியானால் நிலத்துக்காரர் சொன்னது உண்மைதானா? இல்லை. விடியலிலிருந்து தண்ணிக்குக்கூட விடாமல் கட்டு தூக்கவைத்தது அவர். இந்த நோய் உள்ளவருக்கு உடம்பில் நீர் வற்றுவதும் பாரமும் எவ்வளவு ஆபத்து என்று மருத்துவர் எனக்கு எழுதியே கொடுத்திருக்கிறார். இதயம் பலவீனமாக இருந்தது என்பதும், அந்த வேலை அவரைக் கொன்றது என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய தண்டனைச் சட்டம் 299ஆவது பிரிவின் முதல் விளக்கம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 100ஆவது பிரிவு: ஏற்கெனவே நோயோ பலவீனமோ உள்ள ஒருவருக்கு உடற்காயம் ஏற்படுத்தி அவர் சாவை விரைவுபடுத்தினால், அந்தச் சாவை விளைவித்தவராகவே கருதப்படுவார். "அவனுக்கு ஏற்கெனவே இதய நோய் இருந்தது" என்று அடித்தவர்கள் சொல்வதோடு வழக்கு முடிந்துவிடாது.

அதனால் இப்போதெல்லாம் சந்தேகச் சாவு என்று போனால், உடம்பில் உள்ள காயங்களோடு இதயத்தின் எடை, சுவரின் தடிப்பு ஆகியவற்றையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் பதியச் சொல்லிக் கேட்கிறேன். சில தோழர்களுக்கு இதில் உடன்பாடில்லை. எதிரிக்கு நாமே சாக்கு எடுத்துக் கொடுக்கிறோம் என்கிறார்கள். பார்க்காத இதயத்தைத்தான் அவர்கள் இஷ்டத்துக்கு எழுதுகிறார்கள் என்பது என் அனுபவம். உண்மையிலேயே தடிப்பு இருந்தால், செத்தவரின் பிள்ளைகளையாவது காப்பாற்றலாம்.

நான் தினம் இரண்டு வேளை மாத்திரை போடுகிறேன். ஊர்வலத்தில் வேகமாக நடப்பதில்லை, வெயிலில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் நிற்பதில்லை. கைதாகி மண்டபத்தில் அடைக்கும்போது நோயின் பெயரும் மாத்திரையின் பெயரும் எழுதிய சீட்டைப் பெண் காவலரிடம் காட்டி, பதிவேட்டில் எழுதச் சொல்கிறேன். காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் 'ஏற்கெனவே இதய நோயாளி' என்று எழுதுவார்கள், தெரியும். அவர்களுக்கு அது முன்பே தெரியும் என்பதும் பதிவாகியிருக்கட்டும்.

பெரியப்பாவின் இளைய மகன் மட்டும் இன்னும் எக்கோ எடுக்கவில்லை. காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், தினமும் விடியற்காலை மைதானத்தில் ஓடுகிறான். "பேப்பர்ல எழுதிட்டா வேல போயிரும்க்கா. மொதல்ல ஆர்டர் வரட்டும்" என்கிறான். குடும்பத்தில் முதல் அரசு வேலை அது. அண்ணன் போன கதையைச் சொன்னால், எழுந்து வெளியே போய்விடுகிறான். போன வாரம் ஈ.சி.ஜி. மட்டும் எடுக்க ஒத்துக்கொண்டான். அதில் மாற்றம் இருக்கிறது. வரும் புதன்கிழமை எக்கோவுக்குச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கும் காலையில் ஓடிவிட்டுத்தான் வருவேன் என்கிறான்.