மிச்சம் பிடித்த காசு யாருடையது?

சிக்கனமாக வாழ வேண்டும் என்று நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தில் நடக்கும் வீடானாலும் அன்றாடக் கூலியில் நடக்கும் வீடானாலும், மாதத்தின் பிற்பகுதியில் நம்மில் பெரும்பாலோர் இல்லங்களில் சிக்கனம் தானாகவே வந்து குடியேறிவிடுகிறது. எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டு வரை எடுக்கிறோம். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். இவையெல்லாம் நாம் அறிந்தவையே. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை. இப்படி மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து மிச்சமாகிறது? வீண்செலவிலிருந்தா, அல்லது யாரேனும் ஒருவருக்கு உரிய பங்கிலிருந்தா? கணக்கு நோட்டில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

நான் பிறந்து வளர்ந்தது குலசேகரம் பக்கம். என் தந்தை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். வயல் வைத்திருப்போருக்கு மழை வரம். பால்வெட்டுகிறவர் வீட்டிலோ அது கூலியில்லாத நாள். பட்டை நனைந்திருந்தால் வெட்ட இயலாது. வெட்டினாலும் பால் சிரட்டையில் சேராமல் மழைநீரோடு வழிந்துவிடும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இவ்விரண்டும் போக, மரம் இலையுதிர்க்கும் காலத்தில் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஆகவே ஆண்டில் பல மாதங்கள் எங்கள் வீட்டில் துண்டு விழும் மாதங்களே.

அந்த மாதங்களை அம்மா மரச்சீனிக் கிழங்கைக் கொண்டும், சக்கையைக் கொண்டும், வேலியோர முருங்கையைக் கொண்டும் கடத்தினார். சக்கைச் சுளை தீர்ந்த பிறகும் அதன் கொட்டைகள் மண்ணில் புதைத்து வைக்கப்பட்டு மழைக்காலக் குழம்புக்கு வந்தன. இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமன்று. திருவிதாங்கூரில் மரச்சீனிப் பயிரைப் பரப்பிய பெருமை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்கு உரியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பர்மா ஜப்பானியர் வசம் வீழ்ந்து அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அப்போது திருவிதாங்கூர் மக்களின் பசியாற்றியது இக்கிழங்குதான். 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்த நம் மாவட்டமும் அன்று அந்தச் சமஸ்தானத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே குறைந்ததைக் கொண்டு நிறைவாகச் சமைக்கும் கலை நம் பாட்டிமார் வழியே நமக்கு வந்த சொத்து எனலாம்.

ஆயினும் அந்தச் சொத்தோடு இன்னொன்றும் வந்தது. அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, இறுதியாக அடுக்களையில் அமர்ந்து உண்பார். மீன்சட்டியில் ஒட்டியிருக்கும் மசாலாவில் இரண்டு கை சோற்றைப் போட்டுத் துடைத்து எடுத்துக்கொள்வார். "சட்டிச் சோற்றுக்குத்தான் ருசி" என்பார். அவருக்கு நாற்பத்தைந்து வயதானபோது ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, கடுமையான இரத்தச்சோகை என்றார். துண்டு விழுந்த மாதங்களில் ஒட்டுப்போடப்பட்டது எதைக் கொண்டு என்பது எங்களுக்கு அன்று விளங்கிற்று. இது ஒரு வீட்டின் கதையுமன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள் என்று கண்டது. இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, குடும்பத்தின் பற்றாக்குறையை எவரும் கேட்காமலேயே தன் தட்டில் ஏற்றுக்கொள்ளும் தாயின் பழக்கம். அதைத் தியாகம் என்று போற்றி நாம் நிறுத்திவிடுகிறோம். அவருக்கும் ஒரு துண்டு மீன் எடுத்து வைப்பதற்கு அந்தப் போற்றுதல் ஈடாகாது அன்றோ?

இன்று நான் தக்கலைக்கு அருகில் குடியிருக்கிறேன். என் கணவர் பணியாற்றிய ஒரு தனியார் நிறுவனம் இரண்டாண்டுகளுக்கு முன் மூடப்பட்டது. இப்போது அவருக்குக் கிடைப்பது முன்னைய ஊதியத்தில் பாதிக்குச் சற்று மேல். மகன் மேல்நிலைப் பள்ளியிலும் மகள் கல்லூரியிலும் படிக்கிறார்கள். ஆகவே சிக்கனத்தைப் பற்றி நான் எழுதுவது ஏட்டறிவு கொண்டன்று.

வீண்போவதைத் தடுப்பதே முதற்படி. நியாயவிலைக் கடையில் கிடைப்பதை வாங்கக் கூச்சப்படலாகாது. தமிழகத்தில் 2011 ஜூன் 1 முதல் அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் வந்தன. அந்த அரிசியைக் களைந்து, சற்று நேரம் கூடுதலாக ஊறவைத்து, இட்லிக்கும் புட்டுக்கும் பயன்படுத்துகிறோம். கடைக்குப் போகுமுன் பட்டியல் எழுதிக்கொள்கிறோம், பசியோடு போவதில்லை. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்புவதில்லை. எடையையும் விலையையும் வகுத்துப் பார்த்தால், சில பொருட்களில் சிறிய பாக்கெட்டே இலாபம் என்று தெரிகிறது. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்னும் அறிவிப்பைக் கண்டால், அந்த ஒன்று நமக்குத் தேவைதானா என்று முதலில் கேட்டுக்கொள்கிறோம். 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டருக்கு 400 ரூபாயைக் கடந்தபோது நம் மாவட்டத்தில் தவிக்காத அடுக்களை இல்லை. தேங்காய் அரைக்காத கறியை நாம் கறி என்றே கொள்வதில்லையே! நாங்கள் பொரிப்பதைக் குறைத்தோம். அரை மூடித் தேங்காயை இரு நாளுக்கு வகுத்தோம். இவற்றால் யாருக்கும் நட்டமில்லை. ஐயாயிரம் பேர் வயிறார உண்ட பிறகும் எஞ்சிய அப்பத் துண்டுகள் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கப்பட்டதை நாம் அறிவோம். நிறைவின் நடுவிலும் வீணாக்காமை ஒரு நற்பண்பே.

ஆனால் வீண்போவதை அடைத்த பிறகும் துண்டு விழும்போது, நம் கண் மெல்லப் பிறருடைய பங்கின்மேல் செல்கிறது. நம் மாவட்டத்தில் அது பெரும்பாலும் மீன்காரப் பெண்ணின் கூடைமேல் விழுகிறது. பேரங்காடியில் பொட்டலத்தின்மேல் அச்சிட்ட விலையை வாய்திறவாமல் கொடுக்கும் நாம், வாசலில் வந்து இறங்கும் சருவத்தின் முன் அமர்ந்து, ஒரு கூறு சாளை மீனுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகிறோம். அச்சிட்ட விலை என்பது அதற்கு மேல் விற்கலாகாது என்னும் உச்ச விலைதான். அங்கே கேட்காத பேரத்தை இங்கே கேட்கிறோம்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கடற்கரை ஊர்க்காரர். விடியலில் கரையில் நடக்கும் ஏலத்தில் மீன் எடுக்க வேண்டும். கையில் முதல் இல்லாத நாளில் வட்டிக்குப் பணம் வாங்கி, மாலைக்குள் திருப்ப வேண்டும். ஐஸ் வாங்க வேண்டும். வண்டிக்கும் கொடுக்க வேண்டும். ஒருநாள் அவர் சொன்னார்: "மக்களே, நேரம் போச்சுன்னா மீனுக்கு வெலை கெடையாது. ஐஸு உருகினா, கேட்ட வெலைக்குக் குடுத்துட்டுத்தான் போவணும்." அதைக் கேட்டபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. மதியத்துக்குப் பிறகு நம் பேரம் பலிப்பது நம் சாமர்த்தியத்தால் அன்று. உருகிக்கொண்டிருக்கும் அந்தப் பனிக்கட்டி நம் பக்கம் நின்று வாதாடுகிறது.

பெண்கள் நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது. நாள்தோறும் பயணம் செய்து பிழைக்கும் பெண்களுக்கு அது பெரிய மிச்சம். அவ்வாண்டு டிசம்பரில், குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப வேண்டிய மூதாட்டி ஒருவர், மீன் வாடை வீசுகிறது என்று சொல்லப்பட்டுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அங்கேயே நின்று நியாயம் கேட்ட காட்சி நாடெங்கும் பரவியது; முதலமைச்சர் கண்டித்தார்; ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். நம் உணவில் மணக்கும் மீன், அதைச் சுமந்து வந்தவரின் ஆடையில் மட்டும் நாறுகிறது என்று எண்ணும் மனமும், அவர் கேட்கும் விலையை இரக்கமின்றிக் குறைக்கும் மனமும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை.

அப்படியானால் உண்மையான மிச்சம் எங்கே இருக்கிறது? இதற்கு நம் கடற்கரை மக்களே ஒரு விடை தந்திருக்கிறார்கள். படகுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் கடன் வாங்கிய மீனவர், பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. 1970-களில், பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்து பணியாற்றிய அருட்பணி ஜேம்ஸ் டோம்பர் போன்றோரின் ஊக்கத்தால், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் துணையோடு ஊர்தோறும் மீனவர் சங்கங்கள் எழுந்தன. ஏலத்தைச் சங்கமே நடத்தியது. அன்றன்றைய விற்பனையில் ஒரு பகுதி கடனுக்கும் ஒரு பகுதி சேமிப்புக்கும் எனப் பிடிக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகளின் தொடர்ச்சியாகவே 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. அரை வயிறு உண்டு சேமிக்கும்படி அவர்கள் மக்களிடம் சொல்லவில்லை. வருமானம் களவுபோகும் ஓட்டையைத் தேடி அடைத்தார்கள்.

நம் வீடுகளில் அந்த ஓட்டை பெரும்பாலும் வட்டிதான். நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டி என்றால் சிறிதாகத் தோன்றும். ஆண்டுக்கு அது 24 விழுக்காடு. 20,000 ரூபாய் கடனுக்கு மாதம் 400 ரூபாய் போகிறது. மாதத்தில் பத்து நாள் மீன் வாங்கி, ஒவ்வொரு நாளும் பத்து ரூபாய் பேரத்தில் குறைத்தாலும் மிச்சமாவது 100 ரூபாயே. ஏழைப் பெண்ணிடம் நூறைப் பிடுங்கி, வட்டிக்காரரிடம் நானூறைக் கொடுப்பது சிக்கனம் ஆகுமா? நாங்கள் செய்த முதல் காரியம், இருந்த ஒரே ஒரு சங்கிலியை விற்று அத்தகைய கடனை அடைத்ததுதான். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த மாதமே கணக்கு நோட்டில் மூச்சு விட இடம் கிடைத்தது.

இவ்வளவுக்கும் பிறகு, சென்ற ஆண்டு ஒருநாள் என் மகள், "அம்மா, எனக்கு இனி மதியச் சோறு கட்ட வேண்டாம். கல்லூரியில் பசிப்பதே இல்லை" என்றாள். சட்டிச் சோற்றுக்குத்தான் ருசி என்று சொன்ன அதே குரல்! மூன்றாம் தலைமுறையும் தன் தட்டிலிருந்து மிச்சம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மகனுக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை என்பதையும் கவனித்தேன். அன்று இரவே கணக்கு நோட்டை எல்லோர் முன்னிலையிலும் விரித்து வைத்தோம். வருவது இவ்வளவு, போவது இவ்வளவு என்று பிள்ளைகள் இருவரும் அறிந்துகொண்டார்கள். கைபேசிக்கான செலவில் ஒரு பகுதியைத் தானே குறைத்துக்கொள்வதாக மகன் சொன்னான். யாருடைய சோற்றிலும் கைவைப்பதில்லை என்றும், நால்வரும் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்பது என்றும் முடிவு செய்தோம். பற்றாக்குறை மறைக்கப்படும்போது அது வீட்டில் மிக இளகிய மனமுடையவரின் தலையில் விழுகிறது. எல்லோரும் அறியும்போதுதான் பங்கிடப்படுகிறது.

உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடும் பிடியரிசி வழக்கம் நம்மில் முதியோர் பலருக்கு நினைவிருக்கும். கேரளத்தில் புனித சாவரா குரியாக்கோஸ் எலியாஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஏழைப் பிள்ளைகளின் பள்ளி உணவுக்காக இந்தப் பிடியரிசியை வீடுகளிலிருந்து திரட்டச் செய்தார். அந்த ஒரு பிடி வீட்டாரின் பொதுப்பானையிலிருந்து, உண்போர் எல்லோருக்கும் சமமாகக் குறைந்தது. போய்ச் சேர்ந்ததோ தம்மிலும் எளியவரிடம். நம் சிக்கனத்தை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அடுக்களையில் இப்போது அத்தகைய கலயம் ஒன்று இருக்கிறது. இந்த நெருக்கடியில் இது வேண்டுமா என்று கணவர் கேட்டார். கணக்குப் பார்த்தோம், ஒரு பிடி அரிசியால் எங்கள் மாதம் கவிழ்ந்துவிடாது. மாதந்தோறும் அது பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் போகிறது. மீன்கார அக்கா சொல்லும் விலையைக் கொடுக்க முடியாத நாளில், அவரிடம் குறைக்கச் சொல்வதற்குப் பதிலாகக் குறைவாக வாங்குகிறோம். கூறு சிறிதாக இருந்தாலும் நான்கு தட்டுகளிலும் மீன் இருக்கிறது.