பெட்டியின் மேல் எந்தப் பெயர்?

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, கடைக்கு என்ன பெயர் வைப்பது என்று. கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். கோவை செல்வபுரத்தில் வாடகைக்கு எடுத்த ஓர் அறை, ஒரு பாலிஷ் மோட்டார், இரண்டு மேசை, ஒரு செல்போன். அக்கா, தங்கை, அண்ணி என்று நாங்கள் மூன்று பேர். அக்கா பதினோரு வருடம் ஒரு பட்டறையில் பாலிஷ் போட்டவள். தங்கை கல் பதிக்கப் பழகியவள். கணக்கு வழக்கு அண்ணி. கேட்டவர்களுக்குக் கேட்ட மாதிரி வெள்ளியில் தோடு, மூக்குத்தி, கொலுசு செய்து தருகிறோம். தங்க முலாம் பூசிய ஆரமும் உண்டு. தங்கத்திலேயே வேண்டுமென்றால் முன்பணம் வாங்கி, தெரிந்த ஆசாரியிடம் சொல்லிச் செய்து கொடுப்போம். முதல் போட வழியில்லாதவர்களுக்குத் தங்கம் தூரத்துச் சொந்தம்தான்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. அந்தப் படிவத்தில் சமூகப் பிரிவுக்கு ஒரு கட்டம் உண்டு. பட்டியல் சாதி என்று அதை நிரப்ப ஒரு நொடி போதும். நிறுவனத்தின் பெயர் என்ற கட்டத்தைத்தான் நிரப்ப முடியவில்லை.

கோவைக்காரர்களுக்கு இது புரியும். இங்கே பலகையைப் படிக்கிறவர்கள் பலகையோடு நிற்பதில்லை, பின்னால் இருக்கும் ஆளையும் படித்துவிடுவார்கள். மெஸ், மில், மண்டபம் என்று எதை எடுத்தாலும் சாதிப் பட்டம் கூச்சமில்லாமல் வெளிச்சம் போட்டு நிற்கும். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பட்டங்களைத் துறந்தது வரலாறு. தெருப் பெயர்களில் சாதியை நீக்கச் சொல்லி 1978-இலேயே அரசு ஆணை வந்தது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாகச் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். அக்டோபரில் தெரு, சாலை, நீர்நிலைப் பெயர்களில் சாதியை நீக்க மறுபடியும் ஓர் ஆணை. அதே அக்டோபரில்தான் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரைச் சூட்டித் திறந்தார்கள். அந்த விஞ்ஞானியின் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. பட்டம் இல்லாமல் அவரை எப்படி அடையாளம் காட்டுவது என்று ஊரே கவலைப்பட்டதைத்தான் வேடிக்கை பார்த்தோம். பட்டம் வைத்துக்கொள்ள உரிமை இல்லாதவர்களுக்கு அந்தக் கவலை வர வாய்ப்பே இல்லை.

சாதி தெரியாத பெயராக ஒன்றை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நண்பர்கள் கேட்டார்கள். பெயரில் சாதி தெரியாவிட்டால் கேள்வி வரும். "எந்த ஊருங்க?" அன்னூர்ப் பக்கமுங்க. "அங்க எங்க? தோட்டத்துலயா, ஊருக்குள்ளயா?" இரண்டாவது கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லும் விதத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். இந்த அறைக்கு முன் பார்த்த மூன்று அறைகள் அந்தக் கேள்வியோடுதான் கைவிட்டுப் போயின.

வர்த்தகக் குறி பதிவு செய்து தருபவர் ஒருவர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். நகைக்கு 14-ஆம் வகுப்பு. தனிநபர், சிறுதொழில் என்றால் இணையத்தில் விண்ணப்பிக்க 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. கிடைத்தால் பத்து வருடம், பிறகு புதுப்பிக்கலாம். சுத்தத் தங்கம், நல்ல வெள்ளி என்று பொருளையே வருணிக்கும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கஷ்டம். ஏற்கெனவே இருக்கும் பெயருக்கு ஒலியில் நெருங்கினாலும் ஆட்சேபணை வரும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஒரு ஸ்ரீ போட்டு ஏதாவது அம்மன் பேரு வெச்சுக்கங்க, யாருக்கும் உறுத்தாது" என்றார். உறுத்தாமல் இருப்பது எங்கள் பொறுப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

'கொங்கு' என்று தொடங்கும் பெயர்களையும் எழுதிப் பார்த்தோம். நாங்களும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான். ஆனால் அந்தச் சொல் மண்ணைக் குறிப்பதை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. அடித்துவிட்டோம்.

அடுத்து வந்தது 'அருந்ததி'. தங்கை சொன்னதும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குக் காட்டுகிற நட்சத்திரம். அம்மி மிதித்து அருந்ததி பார்க்காத கல்யாணமா? நகைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. எல்.சி. குருசாமி போன்ற முன்னோர் காலத்தில், இழிபெயரை உதறிவிட்டு நம்மவர்கள் ஏந்திக்கொண்ட பெயரும் அதுதான். 2009-இல் மூன்று சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் தலைப்பில் ஏறிய பெயர். மற்றவர்களுக்கு வானத்து நட்சத்திரம், நமக்கு நாம். ஒரு வாரம் அந்தப் பெயரோடு சந்தோஷமாக இருந்தோம்.

அண்ணிதான் கெடுத்தார். "யாராச்சும் கேட்டா நட்சத்திரம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். அதுக்குத்தானே அம்மிணி உனக்கு இந்தப் பேரு புடிச்சிருக்குது?"

பதில் சொல்ல முடியவில்லை. உண்மை அதுதான்.

அப்படியானால் நேரடியாகவே வைக்கலாமே என்று யோசித்தோம். வைத்தவர்கள் இருக்கிறார்கள். மும்பையில் சுதீர் ராஜ்பர், வடக்கே வசவாகப் புழங்கும் சாதிப் பெயரையே எடுத்துச் 'சமார் ஸ்டுடியோ' என்று பெயரிட்டு, தோல் தொழிலாளர்களோடு சேர்ந்து பழைய ரப்பரில் பைகள் செய்கிறார். அந்தப் பைகள் உயர்ந்த கடைகளில் விலைபோகின்றன. சந்திரபான் பிரசாத் 2016-இல் மசாலாவும் ஊறுகாயும் விற்க 'தலித் ஃபுட்ஸ்' தொடங்கினார். நாம் தொட்டதை உண்ண மறுத்த நாட்டில் நம் பெயரிலேயே ஊறுகாய்! அவர்கள் துணிச்சலுக்கு வணக்கம். ஆனால் மும்பையில் அந்தப் பையை வாங்குகிறவர் தூரத்திலிருந்து வாங்குகிறார். எங்களிடம் மூக்குத்தி வாங்குகிறவர் காதையும் மூக்கையும் எங்கள் கையில் கொடுத்து அளவு பார்க்கச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மாத வாடகை கட்ட வேண்டும். இதைக் கோழைத்தனம் என்று சொல்கிற தோழர்கள் சொல்லட்டும்.

நகை எங்களுக்குச் சும்மா ஒரு தொழில் இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பக்கம் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளில் முதல் தடையே பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது என்பது. ஹட்டன் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். இந்தூர்ப் பக்கத்துப் பலாய் பெண்களுக்கும் அதே தடை இருந்ததை 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் எழுதுகிறார். கேரளத்தில் புலையர் பெண்கள் கல்மாலை மட்டுமே அணியலாம் என்றிருந்தது. அய்யங்காளியின் சொல் கேட்டு 1915-இல் கொல்லத்தில் அவர்கள் அதை அறுத்தெறிந்தார்கள், பெரிநாட்டில் ரத்தம் சிந்தினார்கள்.

எங்கள் அம்மாயி காதில் காலமெல்லாம் ஓலைச்சுருள்தான். ஒரே ஒரு தடவை மாரியம்மன் நோன்பிக்கு வாங்கிய கவரிங் தோட்டோடு பண்ணையத்துக்குப் போயிருக்கிறார். "ஏண்டி, இனி உனக்கு நாங்க தண்ணி மொண்டு ஊத்தோணுமா?" என்று கேட்டாளாம் தோட்டத்துக்காரி. அம்மாயி அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு களை வெட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு போடவே இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிப்பார். எங்களுக்குத்தான் சிரிப்பு வராது.

அம்மாயி பெயர் குப்பாயி. எங்கள் வளவில் ஒரு காலத்தில் நான்கு குப்பாயிகள் இருந்தார்கள். பிறந்த பிள்ளை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து இந்தப் பெயர் வைப்பார்கள். எல்லாச் சாதியிலும் இருந்த வழக்கம்தான். ஆனால் தோட்டத்தில் பிறந்த குப்பாயி வயதானால் குப்பாயம்மா. வளவில் பிறந்த குப்பாயி எண்பது வயதிலும், பள்ளிக்கூடம் போகிற பொடியன் வாயிலும், "ஏ குப்பி". முழுப் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

பெயரை முதலில் சொன்னது அக்கா. "குப்பைன்னு பேரு வெச்சா எவ நகை வாங்குவா?" என்றாள் தங்கை. பட்டறையில் இருந்தவளுக்குக் குப்பையின் அருமை தெரியும். தரையைக் கூட்டிய தூசியையும் கை கழுவிய தண்ணீரையும் பட்டறையில் கொட்ட மாட்டார்கள். அதற்கும் தப்பிய துகளுக்காகத் தெருச் சாக்கடை மண்ணை அள்ளிச் சலிக்கிறவர்களைக் கோவையில் நகைப் பட்டறைத் தெருக்களில் பார்க்கலாம். அதே பட்டறையில் வேலை முடிந்து போகும்போது எல்லோரும் உடையை உதறிவிட்டுப் போக வேண்டும். அக்கா மட்டும் இரண்டு தடவை உதற வேண்டும். ஏன் என்று அவள் கேட்டதில்லை. அவர்கள் சொன்னதுமில்லை.

அன்றைக்கு இரவு முடிவாயிற்று. குப்பாயி. கடைசி எழுத்து வரை முழுதாக.

சின்னம் வரைய வந்த தம்பி தாமரையும் மயிலும் கொண்டுவந்தான். திருப்பி அனுப்பினோம். அடுத்த தடவை எங்களைப் புரிந்துகொண்டவன்போல நீல வட்டத்தில் அசோகச் சக்கரத்தோடு வந்தான். நீலம் சரி. சக்கரத்தை வணிகத்துக்கு எடுக்க 1950-ஆம் ஆண்டுச் சட்டமே தடை போடுகிறது. அண்ணல் முகத்தைக் கொலுசு டப்பாவில் அச்சடிக்க எங்களுக்கு மனமில்லை. பறை வைக்கலாம் என்றான். அது கலை என்று தங்கையும், எழவு வீட்டுக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஓடிய அப்பாவின் முதுகு என்று அக்காவும் பேசத் தொடங்கி, இரண்டு நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. அதை டப்பாவின் மேல் வைத்துத் தீர்க்கவும் முடியாது. கடைசியில் அண்ணியின் மகள்தான், 'கு' என்ற எழுத்தின் கீழ் வளைவு தோட்டுக் கொக்கி மாதிரி இருக்கிறதே என்று நோட்டில் கிறுக்கிக் காட்டினாள். நீலத்தில் ஒரு 'கு'. அவ்வளவுதான்.

தங்கத்தில் செய்தால் நகையின் மேல் எங்கள் சின்னம் வராது. முன்பு ஹால்மார்க்கோடு கடையின் அடையாளமும் இருக்கும். 2021 ஜூலைக்குப் பிறகு பி.ஐ.எஸ். முக்கோணம், தரம், ஆறு எழுத்து எண் ஆகிய மூன்று மட்டும்தான். அதனால் எங்கள் பெயர் இருக்கப்போவது பெட்டியின் மேல்தான்.

இருநூறு பெட்டிகளுக்கு அச்சகத்தில் சொல்லப் போனோம். அவர் மாதிரித் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "குப்பாயி... எழுத்து சரிதானுங்களா? யாருங்க இவங்க?"

"எங்க அம்மாயிங்க."

"எந்த ஊருங்க?"

"அன்னூர்ப் பக்கமுங்க. காலனிங்க."

அவர் தலையை நிமிர்த்தி ஒரு தரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து, "மேல 'உ' போட்டர்லாமுங்களா, எல்லாருக்கும் போடறதுதான்" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. 'கு' போதும்" என்றார் அண்ணி. பாதிப் பணம் கட்டிவிட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.