பனிமய மாதா கோயில்: கொடியேற்றம் முதல்

ஜூலை 26

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு அருகிலுள்ள தூய பனிமய மாதா பேராலயத்தில் ஆண்டுதோறும் இன்றுதான் கொடி ஏறுகிறது. காலைத் திருப்பலி முடிந்து கொடி மேலே செல்லும்போது புறாக்கள் பறக்கவிடப்படுகின்றன. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் சங்கொலி எழுப்புகின்றன. கொடிமரத்தடியில் மக்கள் பாலும் பழமும் வைத்து வேண்டுகிறார்கள். ரோமாபுரியின் குன்றொன்றில் ஆகஸ்ட் மாத வெயிலில் பனி பெய்தது என்ற மரபுக்கதையை ஒட்டி எழுந்த பக்தி இது. பனியைக் கண்டறியாத உப்பளக் கரையில் அது வேர்பிடித்ததற்குக் கடல்தான் காரணம். மாதா சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது என்பது ஊர் வழக்கு.

ஜூலை 27

இனி நாள்தோறும் அதிகாலை முதலே திருப்பலிகள்; மாலையில் செபமாலை, மறையுரை, நற்கருணை ஆசீர். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிரிவினருக்கென ஒதுக்கப்படுகிறது. பாடற்குழுவும் பீடச் சிறுவர்களும் அன்பியம் எனப்படும் பங்கின் சிறு குழுவினரும் முறைவைத்து வேலையைப் பகிர்கிறார்கள். இந்துக்களும் இஸ்லாமியரும் மெழுகுவர்த்தியும் மாலையுமாக வரிசையில் நிற்கிறார்கள். இந்தக் கோயிலின் பெருமை அதன் பழமையைவிட இந்தத் திறந்த வாசலில்தான் இருக்கிறது.

விழாவுக்குள் வரும் ஞாயிறு

சிறுவர் சிறுமியர் வெள்ளுடையில் புதுநன்மை வாங்கும் நாள். மாலையில் நற்கருணைப் பவனி. பரதவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போவதில்லை என்பதால், குடும்பங்கள் முழுமையாகக் கோயிலுக்கு வருகின்றன. 1542-இல் இந்தக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார், தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்க்கச் செய்த செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். அவர் தம் கடிதங்களில் பிள்ளைகளின் ஆர்வத்தை வியந்து எழுதியிருக்கிறார். கற்ற செபத்தைப் பிள்ளைகளே வீட்டாருக்குக் கற்பித்தார்கள். மறைக்கல்வி வகுப்பு இன்றைக்கும் பங்கின் உயிர்நாடியாக இருப்பதில் வியப்பில்லை.

ஆகஸ்ட் 4

மாலை ஆராதனை. வெளியூர்களில் வாழும் பிள்ளைகளெல்லாம் வீடு திரும்பிவிட்டார்கள். அவர்கள் கூடும் இப்போதைய ஆலயத்தை எழுப்பியவர் இயேசு சபைக் குரு விஜிலியுஸ் மான்சி. அது அர்ச்சிக்கப்பட்டது 1713-இல். 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார்.

ஆகஸ்ட் 5

பெருவிழா. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. காலையில் ஆயர் தலைமையில் கூட்டுத் திருப்பலி. மாலையில் மாதாவின் சப்பரப் பவனி. சிறப்பு ஆண்டுகளில் மட்டும் சப்பரத்துக்குப் பதிலாகத் தங்கத்தேர் வருகிறது. 2013-க்குப் பிறகு 2023-இல், பதினாறாவது முறையாக அது ஓடியது. வடம் பிடிக்க ஊரே திரண்டது. முத்துக்குளித்தல் செழித்த காலத்தில் பரதவர் காணிக்கையால் தழைத்த விழாவில் இன்று நகரத்தின் எல்லாத் தரப்பினரும் பங்கு கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் 6

பந்தல் பிரியும்; பங்கின் வேலை ஓயாது. நோயாளிகளின் வீடுகளுக்கு நன்மை கொண்டுபோக வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைக் குடும்பங்களைச் சந்திக்க வேண்டும். அன்பியக் கூட்டங்கள் வீடுமாற்றி வீடு கூடும். துக்க வீட்டில் செபமாலை சொல்ல ஆள் வேண்டும். திருவிழாக் கூட்டத்தைத் தாங்குவது இந்த அன்றாட உழைப்புதான். தூத்துக்குடிக்கு வருவோர் திருவிழா அல்லாத ஒரு நாளின் காலைத் திருப்பலிக்கும் அவசியம் வர வேண்டும்.