கிலோ 3,000 ரூபாய்

பொங்கலை ஒட்டிப் பல ஆண்டுகளில் ஒரு செய்தி வரும்: மதுரை மல்லிகை கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது, விவசாயிகள் மகிழ்ச்சி. அதே நாட்களில் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களுக்குள் நின்று பார்த்தால், மகிழ வேண்டியவர்களின் மடி காலியாக இருக்கிறது. மல்லிகை வெயிலுக்குப் பூக்கும் செடி. பனி இறங்கினால் அரும்பு கட்டுவது குறைந்துவிடும். நவம்பர் கடைசியில் கவாத்தும் செய்துவிடுவார்கள். சித்திரையில் கூடை கூடையாகக் கொட்டிய தோட்டத்தில் தை மாதம் கைப்பிடி மொட்டு கிடைத்தாலே பெரிது. விலை ஏறிற்று என்பதைப் பூ இல்லை என்றுதான் வாசிக்க வேண்டும். பூ கொட்டும் மாதத்திலோ, முகூர்த்தமில்லாத நாளில் விற்ற காசு பறிகூலிக்கே கட்டுவதில்லை.

இரண்டு பருவத்திலும் அடி வாங்குபவர்கள் பறிக்கும் பெண்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அன்று மாலை விரியப்போகிற மொட்டை மட்டும் கிள்ள வேண்டும். பச்சை ஓடியிருந்தால் அது நாளைக்கு. நேற்றே விரிந்துவிட்டால் சந்தையில் அதற்கு விலையில்லை. அந்த அரை வெளிச்சத்தில் கண் முடிவு செய்வதற்குள் விரல் முடிவு செய்துவிடுகிறது. கிலோ நிறைய ஆயிரக்கணக்கான மொட்டுகள் வேண்டும். கூலி எடைக்கு என்றால், பூ இல்லாத மாதத்தில் அதே குனிவுக்குக் கால் கிலோ கூலிதான். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த விரல்களுக்கு அதில் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை.

எல்லாப் பழியையும் கமிஷன் கடைக்காரர் தலையில் போடுவது எளிது. முன்பணம் வாங்கியவர் அந்தக் கடைக்கே பூவைக் கொண்டுபோக வேண்டும், சொன்ன விலையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது உண்மை. ஆனால் மருந்தடிக்கவும் கல்யாணத்துக்கும் அடமானமில்லாமல் கேட்ட அன்றே பணம் தருபவரும் அவர்தான். அவரை எடுத்துவிட்டாலும் மொட்டு மாலையில் விரியத்தான் போகிறது. விற்பவருக்கு அரை நாள்தான் கெடு. வாங்குபவர் மதியம்வரை பொறுத்தால் விலை தானே இறங்கும். என் பார்வையில் சிக்கல் அந்தக் கடிகாரத்தில் இருக்கிறது.

வாசனைத் தொழிற்சாலைகள் இருக்கின்றனவே என்பார்கள். அவை தருவது குறைந்த விலை என்பதும் சரி: ஆயிரம் கிலோ பூவிலிருந்து மெழுகுபோன்ற சாறு ஓரிரு கிலோ அளவில்தான் தேறும். ஆனாலும் ஒரு விஷயத்தில் அவை சந்தைக்கு நேர்மாறு. மணம் முழுதாக வருவது மொட்டு விரியும்போது. எனவே சந்தை கழிக்கிற அந்த இரவு நேரம்தான் ஆலைக்கு உகந்த நேரம். எட்டும் தூரத்தில் ஆலை உள்ள விவசாயி மதியத்துக்குள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை; சித்திரையில் பூவைச் செடியிலேயே விட்டுவிடவும் வேண்டாம். பறிப்பவருக்கும் அன்றைய கூலி நிற்கும். தை மாதத்துக்கு மட்டும் இதிலும் வழியில்லை. அப்போது ஆலைக்கும் பூ கிடையாது.