கணினியும் நெடுங்கணக்கும்

இத்தகைய விழா மலர்களில் எழுதுவோர் பெரும்பாலும் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், நிருவாக சேவையாளர்கள். கல்லூரிக்குப் புகழ் தேடித்தந்த அப்பெரியோர் வரிசையில் நாம் சேர்ந்தோமல்லேம், பல்கலைக்கழகம் புகாதோர். ஆயினும், ஆண்டுதோறும் இக்கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் மாணவருட் பெருந்தொகையினர் எம்மைப் போன்றவரே. ஆதலின் எமது அனுபவமும் மலரின் ஓர் ஓரத்திற் கிடப்பதிற் பிழையில்லை.

2019ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் கணிதத் துறையின் மூன்று பாடங்களிலுஞ் சித்தியெய்தினோம். சித்தி வேறு, அனுமதி வேறு என்பதை இந்நாட்டு மாணவர் அறிவர். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டத் திறமைக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படும். இசட் புள்ளியின் தசமத் தானங்களுக்கிடையே எமது இடம் நழுவிப் போயிற்று.

பெரியப்பா ஆறுதல் கூறினார்: "கம்பஸ் கிடைக்கேல்லை எண்டால் என்ன தம்பி, சும்மா இராமல் கொம்பியூட்டராவது படி." அந்த 'ஆவது' என்னும் இடைச்சொல்லுக்கு இலக்கண நூலார் எத்தனை பொருள் கூறினும், அதன் பாரத்தைச் சுமந்தவர்க்கே அதன் முழுப்பொருளும் விளங்கும். கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் "இப்ப என்ன செய்யிறீர்?" என்று கேட்போருக்கு மறுமொழி கூற நேர்ந்தபோதெல்லாம் அச்சொல் எமக்கு முன்னே வந்து நின்றது.

2021ஆம் ஆண்டில், தொழில் நோக்குடைய நிறுவனமொன்றிலே தகவல் தொழினுட்ப டிப்ளோமாக் கற்கைநெறியிற் சேர்ந்தோம். பதின்மூன்று ஆண்டு தமிழிற் கற்ற எமக்கு அங்கு எல்லாம் ஆங்கிலம். விரிவுரையாளர் 'ஸ்ரிங்' என்பார். நாம் எழுத்துச் சரம் என எண்ணிக்கொள்வோம். 'லூப்' என்பார், செக்கைச் சுற்றும் மாடு கண்முன் வரும். செவியில் ஒரு மொழியும் சிந்தையில் வேறொரு மொழியுமாக முதலாண்டு கழிந்தது.

அடுத்த ஆண்டு வந்தது மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நிற்கும் என அறிவிக்கப்பட்டமை பலர்க்கும் நினைவிருக்கும். கணினி கற்பவன் கணினியின்றிக் கற்க வேண்டிய காலம். ஜாவா மொழியில் எழுத வேண்டியவற்றைக் கொப்பியில் எழுதி, விளக்கொளியில் வரி வரியாகக் கையால் ஓட்டிப் பார்ப்போம். இயந்திரம் செய்ய வேண்டியதை மனம் செய்தமையால் எம்மிற் பலர்க்கு அவ்வாண்டிலேதான் அத்துறை பிடிபட்டது. அதற்காக மின்வெட்டை வாழ்த்துவோமல்லேம். விளக்குக்கு எண்ணெயும் அரிதாயிருந்த நாள்கள் அவை.

இறுதியாண்டுச் செயற்றிட்டமாக நாமும் இரு தோழரும் எமதூர்ச் சனசமூக நிலைய நூலகத்துக்குப் புத்தகப் பட்டியல் அமைக்க முற்பட்டோம். முன்னர் யாரோ 'பாமினி' எழுத்துருவில் தட்டெழுதி வைத்திருந்த பட்டியலொன்று கிடைத்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலே தமிழ் வடிவங்களை அமர்த்திய ஏற்பாடு அது. அனைத்தையும் யுனிகோட்டுக்கு மாற்றி, தலைப்புகளை ஒழுங்குபடுத்துமாறு கணினிக்குப் பணித்தோம்.

நூலகத்தைக் கவனித்து வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; ஊரார்க்கு 'மாஸ்டர்'. பட்டியலைப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் எம்மை நோக்கினார். "தம்பியவை, பறவை எப்ப பலாவுக்கு முன்னாலை பறந்து வந்தது?"

பறவை, பலா, பள்ளு, பழமொழி, பவளம் என்று நிறுத்தியிருந்தது கணினி. பலா, பவளம், பழமொழி, பள்ளு, பறவை என்பதன்றோ அகராதி முறை? காரணத்தைத் தேடினோம். 1991இல் வெளிவந்த யுனிகோட், தமிழ் எழுத்துகளுக்கு இலக்கமிட்டபோது இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட வரிசையைப் பின்பற்றிற்று. அதனால் றகரம் ரகரத்தின் அருகிலும் னகரம் நகரத்தின் அருகிலும் வந்தமர்ந்தன. இலக்கமே ஒழுங்கு என்பது இயந்திரத்தின் நினைப்பு. இன்னொன்று: 'கல்லூரி' என்பதில் எழுத்தெத்தனை என எம்மைக் கேட்டால் நான்கு என்போம், கணினியோ புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனி எண்ணி ஏழு என்றது.

தீர்வு எமது பழைய வகுப்பறையிலிருந்து வந்தது. இக்கல்லூரியின் கீழ் வகுப்புகளிலே நெடுங்கணக்கைக் கட்டமிட்டு எழுதுவித்த ஆசிரியரை எத்தனை முறை மனத்துள் வைதிருப்போம்! அதே கட்டத்தைக் கொப்பியில் வரைந்து, ஆய்தம் உட்பட 247 எழுத்துகளுக்கும் வரிசையெண் இட்டோம். ஜகரம், ஸகரம் முதலிய கிரந்த எழுத்துகளை இறுதியில் வைத்தோம். முதலிற் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தல், பின்னர் எண்ணை ஒப்பிடுதல், இவ்வளவே வேலை. 'அக்கம்' 'அகம்' என்பதற்கு முன் வந்து நின்றபோது மூவரும் கைதட்டினோம்.

தமிழொழுங்கு விதிகள் ஆயத்தமாகவே சில மென்பொருட்களில் உண்டு என விரிவுரையாளர் பின்னர் அறிவித்தார். ஆயினும் நாம் எழுதியதை அகற்றவேண்டாம் என்றும், காரணத்தை அறிக்கையில் விளக்குமாறுங் கூறினார். நெடுங்கணக்கின் வைப்புமுறைக்கு நன்னூலார் நியாயங் கூறியிருப்பதை ஆங்கிலத்தில் எழுதிய அந்த இரண்டு பக்கங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. தொழில் வாய்ப்புக்கான நேர்முகப் பரீட்சையில் எம்மிடம் அதிகம் வினவப்பட்டதும் அவ்விரண்டு பக்கங்களைப் பற்றியே. அவ்வேலையிலேயே இன்றும் இருக்கின்றோம். பெரியப்பா தமது கைத்தொலைபேசி பழுதாகும்போதெல்லாம் எம்மை அழைக்கின்றார். அவர் மனத்தில் 'ஆவது' இன்னும் முற்றாக நீங்கியதாகத் தெரியவில்லை.

திருத்திய பட்டியலை அச்சிட்டு மாஸ்டரிடங் கொடுத்தோம். பலாவிலிருந்து பறவை வரை விரலோட்டிப் பார்த்தார், ஒன்றுஞ் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அயலூர்ச் சனசமூக நிலையத்தார் இருவரை எமது வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர்களின் கக்கத்திலே பழுப்பேறிய பதிவேடுகள் நான்கு இருந்தன.