ஒரு வாளித் தண்ணீர்

வெளிநாடு புறப்பட்டபோது மகன் இரண்டு டிஸ்கஸ் மீன்களை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். தோசை போல் வட்டமாய், தட்டையாய் இருக்கும். வாங்கியது கொளத்தூரில்; ஆனால் பூர்வீகம் அமேஸான் அல்லவா? அந்தக் குலப் பெருமை போகவில்லை. தண்ணீர் 28 டிகிரிக்குக் குறையக் கூடாது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து, குளோரின் போன பிறகே தொட்டியில் விட வேண்டும்.

சென்ற மாதம் குஞ்சு பொரித்தன. குஞ்சுகள் பெற்றோரின் மேனியில் ஊறும் வழவழப்பையே தின்று வளர்கின்றன. தாய் களைத்தால் தகப்பன் ஏற்றுக் கொள்கிறது.

"நம் வீட்டில் இப்படி நடந்ததுண்டா?" என்றாள் என் மனைவி. நான் பேப்பரைப் பிரித்துக் கொண்டேன்.

ஒரு நாள் தொடர்கதை அத்தியாயத்தை முடிக்கும் அவசரம். குழாயில் பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் குஞ்சுகள் அடியில் வெள்ளைத் துணுக்குகளாய்க் கிடந்தன. பெரியவை இரண்டும் கறுத்து, மூலையில் ஒதுங்கி நின்றன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் தேவலை.

அன்றிரவு மகன் டெலிபோனில் கூப்பிட்டான்.

"மீனெல்லாம் சௌக்கியமா, அப்பா?"

"சௌக்கியம்" என்றேன். பிறகு, மறுநாளைக்கு வேண்டிய தண்ணீரைப் பிடித்து வைக்க நானே வாளியைத் தூக்கிக் கொண்டு போனேன்.